முத்திரை எழுத்தர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எடின்பரோ பற்றிய கட்டுரையில் ‘ரைட்டர்ஸ் டு த சிக்னெட்’ என்ற சொலிசிட்டர்கள் (கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி ஆவணங்கள் தயாரிக்கும் வழக்கறிஞர்கள்) சங்கத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அரச முத்திரைக்கு எழுதிக்கொடுத்தவர்கள் எப்படிச் சட்டத்தொழிலுக்கு வந்தார்கள்? 1949இல் ஸ்காட்லாந்து முழுவதற்கும் சொலிசிட்டர்களுக்கான லா சொசைட்டி அமைந்த பிறகு இச்சங்கத்துக்கு என்ன வேலை?

க.

அன்புள்ள க.,

சிக்னெட் என்பது ஸ்காட்லாந்து அரசரின் சொந்த முத்திரை. அது அரசரின் செயலர் வசம் இருந்தது. அது பதியவேண்டிய ஆணைகளை உரிய வாசகத்தில் எழுதித்தரும் உரிமை பெற்றவர்களே இந்த எழுத்தர்கள். 1532இல் மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ், நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அடங்கிய அமைப்பான நீதிக் கல்லூரியை நிறுவியபோது அவர்களும் அதில் அங்கமானார்கள். உங்கள் முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனின் அழைப்பாணை அரசரின் பெயரால், சிக்னெட் பதித்தே வெளிவரவேண்டும் என்பதால், அங்கே வழக்குத் தொடுக்க வருபவர் முதலில் இவர்களைத்தான் நாடவேண்டியிருந்தது. ஆவணம் எழுதுபவரிடமே கட்சிக்காரர் ஆலோசனையும் கேட்பது இயல்பு. 1594இல் செயலர் முத்திரையின் துணைக் காப்பாளர் ஒருவருக்கும் பதினெட்டு எழுத்தர்களுக்கும் நியமனம் வழங்கியதைச் சங்கத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள்.

அந்த உரிமை அவர்களுக்குச் செல்வம் தந்தது. மற்றவர்களை வெளியே நிறுத்தவும் செய்தது. உயர் நீதிமன்றங்களில் தொழில்செய்த ஏனைய சொலிசிட்டர்கள் 1784இல் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டு, 1797இல் அரச சாசனமும் பெற்றார்கள். இன்றும் அந்த அழைப்பாணை ‘எடின்பரோவில் எமது சிக்னெட்டின் கீழ் அளிக்கப்பட்டது’ என்றே முடிகிறது. ஆனால் அதைத் தயாரிப்பது ஒரு சங்கத்தாரின் தனியுரிமையாக இப்போது இல்லை. அப்படி ஆனது நியாயமே.

1949க்குப் பிறகு தொழில் உரிமமும் ஒழுங்குமுறையும் லா சொசைட்டியின் பொறுப்பு. சிக்னெட் சங்கம் விரும்பிச் சேரும் தொழில்முறை அமைப்பாகத் தொடர்கிறது. அதன் பெரும் சாதனை என்று நான் கருதுவது 1722இல் தொடங்கிய நூலகத்தை. இன்றைய மேல்தளக் கூடம் வில்லியம் ஸ்டார்க் வடிவமைத்தது. அட்வகேட்டுகளுக்காக (உயர் நீதிமன்றங்களில் வாதாடும் வழக்கறிஞர்களுக்காக) கட்டப்பட்ட அதைச் சங்கம் 1826இல் விலைக்கு வாங்கியது. அதன் குவிமாடத்தில் தாமஸ் ஸ்டொதார்ட் அப்பல்லோவையும் கலைத்தேவியரையும் சூழ ஹோமர், சிசரோ, ஷேக்ஸ்பியர், பர்ன்ஸ், நியூட்டன் ஆகியோரை வரைந்திருக்கிறார். சட்ட நூலகத்தின் கூரையில் கவிஞர்களுக்கு இடம் கொடுத்தவர்கள், கீழே வரலாறும் இலக்கியமும் ஏராளமாகச் சேர்த்திருந்தார்கள். சட்டம் சாராத அந்நூல்களில் பெரும்பகுதியை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சங்கமே விற்றுவிட்டது. தனியுரிமை போனதைவிட அதையே பெரிய இழப்பாக நான் எண்ணுகிறேன்.