வெளிநாட்டில் ஆய்வாளர் மேல் வழக்கு: நாம் என்ன செய்ய முடியும்? – கேள்வி பதில்

நான் வக்கீல் இல்லை, ஆசிரியர் சங்க ஆள். வெளிநாடுகளில் வழக்கில் மாட்டிய ஆய்வாளர்களுக்காகக் கடிதம் எழுதுவது, விசாரணைக்குப் போய் உட்காருவது, வெளியே வந்தவர்களுக்கு இடம் தேடுவது என்று சில வருடமாக இதே வேலையாக இருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மேடம், அது அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். நாம் மூக்கை நுழைக்க என்ன உரிமை?

அந்த நாடே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமைதான். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு, ஆராய்ச்சிக்கு இன்றியமையாத சுதந்திரத்தை மதிப்போம் என்கிறது. துருக்கி, ஈரான், சீனா மூன்றுமே இதை ஏற்றவை. ஐக்கிய அரபு அமீரகம் ஏற்கவில்லை, அதனால் அங்கே இந்தப் பிரிவைக் காட்டிக் கடிதம் எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எழுதுமுன் இதைச் சரிபாருங்கள், பத்து நிமிட வேலை.

அவர் எழுதியதில் எனக்கே உடன்பாடு இல்லை. அப்போதும் ஆதரிக்கணுமா?

உடன்பாடு வேண்டியதே இல்லை. துருக்கியைப் பாருங்கள். 2016 ஜனவரியில், தென்கிழக்கில் குர்து பகுதிகளில் நடந்த ராணுவ நடவடிக்கையைக் கண்டித்து 1,128 கல்வியாளர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள், பிறகு அது இரண்டாயிரத்தைத் தாண்டியது. அதன் வாசகம் ஒருதலைப்பட்சம் என்று அங்கேயே பலர் சொன்னார்கள், சொல்லட்டும், அது விவாதம். அரசு செய்தது வேறு. ‘பயங்கரவாதப் பிரசாரம்’ என்ற பிரிவில், 2017 டிசம்பரிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் மேல் தனித்தனி வழக்கு, ஆனால் குற்றப்பத்திரிகை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே நகல். பலருக்கு 15 மாதத் தண்டனை, அதையும் அறிவிக்காமல் தள்ளி வைப்போம், ஐந்து வருடம் ஒழுங்காக இருந்தால் ரத்தாகிவிடும் என்றார்கள். அதாவது ஐந்து வருடம் வாயைத் திறக்காதே. அரசியல் அறிவியலாளர் ஃபுசுன் உஸ்தெல் அந்தச் சலுகையே வேண்டாம் என்று சொல்லி 2019 மே மாதம் சிறைக்குப் போனார். அதே ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தத் தண்டனைகள் கருத்துரிமையை மீறியவை என்று தீர்ப்பளித்தது. வாக்குகள் 8–8, தலைவரின் வாக்கால்தான் முடிவு. இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிய விஷயம்.

கையெழுத்து வேட்டையால் ஒருவராவது வெளியே வந்திருக்கிறாரா அக்கா? சத்தம் போட்டால் அவருக்கே ஆபத்து என்கிறார்களே?

இதுதான் எல்லாரும் கேட்டது. சில சமயம் உதவியிருக்கிறது, சில சமயம் இல்லை. டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மேத்யூ ஹெட்ஜஸை 2018 மே மாதம் துபாய் விமான நிலையத்தில் பிடித்தார்கள். பல மாதம் வெளியே தெரியவே இல்லை. நவம்பர் 21 அன்று உளவு பார்த்தார் என்று ஆயுள் தண்டனை வந்ததும் பெரிய கூச்சல், 26ஆம் தேதி மன்னிப்பு. கூச்சல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பின்னால் ராஜதந்திரமும் ஓடியது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கைலி மூர்-கில்பர்ட் ஈரானில் பிடிபட்டு ஒரு வருடம் கழித்துத்தான் செய்தியே வந்தது, கடைசியில் 2020 நவம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் வந்தார். அந்த அமைதி தனக்கு உதவவில்லை என்று அவரே பேசியிருக்கிறார். மறுபக்கம் பேரிடர் மருத்துவ நிபுணர் அஹ்மத்ரேசா ஜலாலி. 2016இல் ஈரானில் கைது, 2017இல் மரண தண்டனை, நோபல் பரிசு பெற்றவர்கள் கூட்டாகவே கடிதம் எழுதினார்கள், ஆனாலும் அவரைப் பல வருடம் உள்ளேயே வைத்திருந்தார்கள்.

அதனால் என் விதி ஒன்றுதான்: முதலில் குடும்பத்தையும் வக்கீலையும் கேளுங்கள். அவர்கள் பொறுங்கள் என்றால் பொறுக்கணும், பேசுங்கள் என்றால் விடாமல் பேசணும். நம் மனசாட்சிக்காக ஒரு பதிவு போட்டுவிட்டு அடுத்த வாரம் மறந்துபோவதற்குப் பேசாமலே இருக்கலாம்.

விசாரணையைப் பார்க்கப் போவதில் என்ன பிரயோஜனம்? பேசவே விட மாட்டார்களே.

பேசப் போவதில்லை, எழுதப் போகிறோம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தார்கள், வக்கீலுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டார்களா. நான் முதலில் போன அன்றைக்கு எல்லாமே ஏழெட்டு நிமிடத்தில் முடிந்து வாய்தா வாங்கிவிட்டார்கள், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது. வக்கீல்தான் சொன்னார், பின் வரிசையில் வெளியாட்கள் உட்கார்ந்திருந்தால் நீதிபதியின் பேச்சே கொஞ்சம் மாறும் என்று. உள்ளே விடவில்லையா, அதையும் நேரத்தோடு எழுதுங்கள், பகிரங்க விசாரணை நடக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. தீர்ப்பைப் பற்றிக் கருத்து மட்டும் அங்கே நின்று சொல்லாதீர்கள், அது வக்கீலின் தலையில் விழும்.

அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களையே புறக்கணித்தால்?

எனக்கு இதில் தயக்கம். மிரட்டுபவர் அமைச்சகத்தில் இருப்பார், வாசல் அடைபடுவது அங்குள்ள மாணவருக்கு. உடன் பணியாற்றியவரை நீக்கக் கையெழுத்திட்ட நிர்வாகத்தோடு உறவை நிறுத்துங்கள், அது சரி.

அடுத்த வருடம் களஆய்வுக்குப் போகிறேன், இரட்டைக் குடியுரிமை. பயப்படணுமா அக்கா?

தம்பி, பயம் வேண்டாம், ஆனால் இதைத் தெரிந்துகொள். 2019 ஜூனில் பாரிஸின் சயின்ஸ் போ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவரை ஈரானில் பிடித்தார்கள். ரோலான் மார்ஷால் பிரெஞ்சுக் குடிமகன் மட்டும், அடுத்த மார்ச்சில் வந்துவிட்டார். ஃபரிபா அதெல்கா ஈரானியக் குடிமகளும்கூட, இரட்டைக் குடியுரிமையை ஈரான் ஏற்காததால் பிரெஞ்சுத் தூதரகத்தைப் பார்க்கவே விடவில்லை, ஐந்து வருடத் தண்டனை, பிரான்ஸ் திரும்பியது 2023 அக்டோபரில். எந்தப் பாஸ்போர்ட்டில் நுழைகிறாய் என்பதை நெறியாளரிடமும் ஒரு வக்கீலிடமும் பேசு. நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை மடிக்கணினியில் எடுத்துப் போகாதே, நீ தப்பித்தாலும் அவர்கள் மாட்டுவார்கள். பிடிபட்டால் யார் யாருக்குப் போன் பண்ணணும் என்று பல்கலைக்கழகத்திடம் இப்போதே எழுத்தில் வாங்கு. மழுப்புவார்கள், விடாதே.

வெளியே வந்துவிட்டவருக்கு எங்கள் துறை என்ன செய்யலாம்?

வேலை கொடுங்கள். நாஜி ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டவர்களுக்காக 1933இல் பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு இன்று ‘காரா’ என்ற பெயரில் இதையேதான் செய்கிறது. 1999இல் தொடங்கிய ‘ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க்’ (ஆபத்தில் இருக்கும் ஆய்வாளர்களுக்கான அமைப்பு) வழியாகவும் ஆட்களை அழைக்கலாம். ஒரு சொற்பொழிவு, ஒரு சால்வை என்று முடித்துவிடாமல், குறைந்தது இரண்டு வருடச் சம்பளமும் குடும்பத்துக்கு விசாவும் சேர்த்துக் கேளுங்கள், ஒரு வருட ஒப்பந்தம் என்றால் வந்த ஆறாம் மாதமே அவர் அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிடுவார்.