வெயிலில் மின்னும் ஃபோர்சைட்: ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன் கரியேற்றுங்கள்

கேள்வி: பழைய .22 ரைபிளில் ஓப்பன் சைட் (லென்ஸ் இல்லாத குறிபார்க்கும் அமைப்பு) வைத்து 50 மீட்டரில் சுடுகிறேன். காலையில் நடுவில் விழும் குண்டுகள் மாலையில் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. குழல் முனையில் தூண்போல் நிற்கும் ஃபோர்சைட்டின் நீலப்பூச்சு தேய்ந்து இரும்பு பளபளக்கிறது. மார்க்கர் பேனாவால் கறுப்படி என்கிறார் ஒரு நண்பர், மெழுகுவத்திப் புகை காட்டு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?

பதில்: புகைதான் சரி, ஆனால் கற்பூரப் புகை. அதற்கு முன் ஒரு வேலை. மாலையில் ஒதுங்கிய குண்டுகளைப் பார்த்து கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பேக்சைட்டை ஸ்க்ரூவைத் திருப்பி நகர்த்தியிருந்தால், பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரைபிளில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. ஃபோர்சைட் கண்ணுக்குத் தெரிகிற விதம்தான் மாறியிருக்கிறது.

சூரியன் இடப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபோர்சைட் தூணின் இடது விளிம்பு ஒளிரும். நீங்கள் டார்கெட்டின் கருவட்டத்துக்குக் கீழே, வெள்ளைத் தாளில் தூணை நிறுத்தி ஆறு மணிக் குறி பார்ப்பவராக இருந்தால், ஒளிரும் அந்த விளிம்பு வெள்ளையோடு கரைந்துவிடும். மிச்சம் தெரியும் கறுப்புப் பகுதியையே முழுத் தூணாக எண்ணி நடுவில் வைப்பீர்கள். குழல் இடப்பக்கம் திரும்பும், குண்டும் வெளிச்சம் வரும் பக்கமே போகும். கருவட்டத்தின் நடுவில் தூணை வைப்பவருக்கு இது நேர்மாறு. கறுப்புப் பின்னணியில் அந்த ஒளிரும் விளிம்புதான் எடுப்பாகத் தெரியும். அவர் அதை நடுவில் வைக்க, குண்டு வலப்பக்கம் ஒதுங்கும். தூணின் உச்சி மின்னினால், ஆறு மணிக் குறி பார்ப்பவருக்குத் தூண் குட்டையாகத் தெரியும். அவர் தூக்கிப் பிடிப்பார், குண்டு மேலே ஏறும். ஒரே ரேஞ்சில், ஒரே ரைபிளில் இரண்டு பேருக்கு எதிரெதிர்ப் பக்கம் குண்டு ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு ஒதுங்கும் என்பதையும் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால், ஃபோர்சைட்டில் 0.1 மி.மீ. பிசகு 50 மீட்டரில் 8 மி.மீ.க்குச் சற்று அதிகமாகும். சர்வதேச 50 மீட்டர் ரைபிள் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 8 மி.மீ.தான். தாள் தடிமன் அளவுக்குக் கண் ஏமாந்தாலே ஒரு புள்ளி போய்விடுகிறது.

மார்க்கரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வழவழப்பான இரும்பின் மேல் அந்த மை மெல்லிய படலமாகக் காய்ந்து, சாய்வான வெயிலில் தானே மினுங்கும். பெயின்ட்டைப் பிரஷ்ஷால் பூசினால் தடித்து, கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்பு உருண்டுவிடும். புகைக்கரி அப்படியல்ல. நுண்ணிய கரித்துகள்கள் பொலபொலவென்று படிந்திருப்பதால் உள்ளே நுழையும் ஒளி அவற்றுக்கிடையே சிக்கி அடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி போன்ற ரேஞ்சுகளில் 200, 300, 600 கெஜம் சுடுபவர்கள் இதற்காகவே சிறிய கார்பைடு விளக்குகளை வைத்திருந்தார்கள். மாம்பழம் பழுக்கவைக்கக் கூடாது என்று நம் நாட்டில் தடைசெய்திருக்கும் அதே கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டதும் கிளம்பும் அசிட்டிலீன் வாயு அடர்ந்த கரியோடு எரியும். கற்பூரத்தைக் கொளுத்திக் கரியேற்றும் பழக்கமும் அவர்களிடம் உண்டு. நமக்கு அது பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. மெழுகுவத்தியும் புகை தரும், ஆனால் கரியோடு மெழுகுப் பிசுக்கும் படிந்துவிடும்.

ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஃபயரிங் பாயின்ட்டுக்கு வெளியே, தோட்டாக்கள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். சைட்டில் எண்ணெய் இருந்தால் கரி ஒட்டாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போது நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அந்த பாட்டிலும் மூடியபடி தள்ளியே இருக்கட்டும். பழைய கரண்டியில் சிறு துண்டு கற்பூரத்தைக் கொளுத்தி, சுடருக்கு மேலே எழும் கரும்புகையில் ஃபோர்சைட்டை இரண்டு மூன்று விநாடி காட்டி எடுங்கள். இரும்பு சூடேறத் தேவையில்லை. கறுப்பு போதாவிட்டால் ஆறவிட்டு மறுபடி காட்டலாம். பேக்சைட்டில் கண்ணைப் பார்க்கும் முகத்துக்கும் இப்படியே செய்யுங்கள். பிறகு விரல் படக் கூடாது. பட்ட இடம் உடனே வெளுக்கும்.

பிளாஸ்டிக் சைட், ஒளியிழை பதித்த சைட் இரண்டுக்கும் நெருப்பு ஆகாது. பிசிபி போல், அழுத்திய காற்று நிரப்பிய சிலிண்டர் குழலுக்குக் கீழேயே இருக்கும் ஏர் ரைபிள்கள் பக்கம் சுடரையே கொண்டுபோகக் கூடாது. அவற்றுக்கு டார்கெட் சுடுபவர்களுக்கென்று விற்கும் மேட் கறுப்பு ஸ்ப்ரே போதும். லென்ஸையும் குழல் வாயையும் மறைத்துவிட்டு மெல்லிசாக அடியுங்கள்.

கரியேற்றிய பிறகு காலையில் ஐந்து, மாலையில் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் ஜீரோ செய்வதில் (குண்டு குறியிலேயே விழும்படி சைட்டைச் சரிசெய்வதில்) அர்த்தமுண்டு. இன்னும் ஒதுங்கினால் ஃபோர்சைட்டுக்கு மேல் மூடுவளையம் பொருத்த முடியுமா என்று துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கேளுங்கள். ஜெர்மானிய மவுசர் 98கே ரைபிளின் ஃபோர்சைட்டில் அப்படியொரு மூடி உண்டு, தூணுக்கு அது நிழல் தரும்.

சுட்டு முடித்த அன்றே கரியைத் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும், அடியில் எண்ணெயும் நீலப்பூச்சும் இல்லாத வெற்று இரும்பு. கடலோர ஊர் என்றால் ஒரே இரவில் துரு பூத்துவிடும்.