டிவிடி ஃபைலை வலையில் ஏற்றுவது: கேள்வி பதில்

வீட்டு டிவிடிகளை இணையத்தில் ஏற்றுவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

காரைக்குடி: கல்யாண டிவிடியைத் திறந்தால் வி.ஓ.பி., ஐ.எஃப்.ஓ., பி.யு.பி. என்று பத்துப் பதினைந்து ஃபைல் இருக்கிறது. இதில் படம் எது?

படம், ஒலி, சப்டைட்டில் எல்லாம் வி.ஓ.பி.க்குள்தான். படம் எம்பெக்-2 முறையில் சுருக்கியது; ஒலி பெரும்பாலும் ஏசி-3 ஆக இருக்கும். ஐ.எஃப்.ஓ. என்பது எந்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது, மெனுவில் எதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அட்டவணை. பி.யு.பி. அதே அட்டவணையின் நகல். ஒன்று கீறலில் போனாலும் இன்னொன்று மிஞ்சட்டும் என்ற ஏற்பாடு.

ஒரு வி.ஓ.பி. 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது டிவிடி விதி. அதனால் நீளமான படத்தை அளவு பார்த்து வெட்டிவிடுவார்கள், காட்சி பார்த்து அல்ல. என் அத்தை மகன் கல்யாண டிஸ்க்கில் கெட்டிமேளம் இரண்டாம் ஃபைலின் கடைசியில் தொடங்குகிறது, தாலி ஏறுவது மூன்றாம் ஃபைலில். தனித்தனியாக மாற்றி ஏற்றினால் சரியாக அந்த இடத்தில் படம் குதிக்கும். ஆகவே முதலில் ஒட்டுங்கள், பிறகு மாற்றுங்கள். பெயரில் இரண்டு எண் இருக்கும். முதல் எண் எவற்றுக்கெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதோ அவை ஒரே படத்தின் துண்டுகள். அவற்றை வரிசையாக பைட்டோடு பைட் ஒட்டினாலே போதும். இரண்டாம் எண் 0 என்றால் அது மெனு, விட்டுவிடலாம்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் டிஸ்க் முழுவதையும் ஐ.எஸ்.ஓ. ஆக, அதாவது டிஸ்க்கின் அச்சு நகலாக ஒரே ஃபைலில், எடுத்து வையுங்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

கோவை: வி.ஓ.பி.யை அப்படியே சர்வரில் போட்டு, மைம் வகையும் எம்பெக் வீடியோ என்று சரியாகக் கொடுத்தேன். பக்கத்தில் கறுப்புப் பெட்டிதான் தெரிகிறது.

மைம் வகை என்பது டப்பாவின் மேல் ஒட்டுகிற சீட்டு. சீட்டு சரிதான், ஆனால் உள்ளே இருப்பதை பிரவுசருக்குச் சாப்பிடத் தெரியாது. குரோமும் ஃபயர்பாக்ஸும் எம்பெக்-2 ஓட்டுவதில்லை. வலைப்பக்கத்தில் ஓட வேண்டுமானால் படம் எச்.264 முறையில், ஒலி ஏஏசி முறையில் சுருக்கியது, இரண்டையும் சுமக்க எம்பி4. மாற்ற ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், கட்டளை எழுதப் பயமில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக். வி.ஓ.பி.யைத் தரவிறக்கத்துக்கு மட்டும் கொடுக்கலாம், அதில் தப்பில்லை.

சேலம்: வி.ஓ.பி. என்பதை எம்பி4 என்று பெயர் மாற்றினால் போதாதா?

போதாது. பெயர் மாற்றினால் பெயர்தான் மாறும். வி.எல்.சி. பிளேயரில் ஓடுகிறதே என்பீர்கள். அது பெயரை நம்பாமல் உள்ளே திறந்து பார்க்கும் ரகம்.

டொரண்டோ: எம்பி4 ஆக்கியாயிற்று, 1.2 ஜிபி. ஆனால் பக்கத்தில் முழுதும் இறங்கிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது. ஐஃபோனில் ஓடவே இல்லை.

இரண்டும் வேறு வேறு நோய். எம்பி4-க்குள் 'மூவ்' என்று ஒரு பகுதி உண்டு. எந்த ஃபிரேம் எந்த பைட்டில் என்கிற கணக்கு அதில்தான். மாற்றும் மென்பொருள் வேலை முடிந்த பிறகுதான் அந்தக் கணக்கை எழுதும், அதனால் அது கடைசியில் போய் உட்கார்ந்துவிடும். முன்னால் கொண்டுவர எஃப்எஃப்எம்பெக்கில் ஃபாஸ்ட்ஸ்டார்ட், ஹேண்ட்பிரேக்கில் மாற்றும்போதே 'வெப் ஆப்டிமைஸ்டு' டிக். ஏற்கெனவே மாற்றிய ஃபைல் என்றால் எஃப்எஃப்எம்பெக்கில் மறுபடி சுருக்க வேண்டியதில்லை, சில நொடி வேலை.

ஐஃபோன் விஷயம் சர்வரில். சஃபாரி முதலில் இரண்டே இரண்டு பைட் கேட்டுப் பார்க்கும். சர்வர் 206 என்று பதில் சொல்லி அந்த இரண்டை மட்டும் கொடுத்தால் மேலே போகும். 200 என்று சொல்லி முழு ஃபைலையும் தூக்கிப் போட்டால் ஓட்டாது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய சர்வர் மென்பொருள்கள் சாதாரண ஃபைலுக்கு இதைத் தாங்களே செய்யும். நடுவில் ஒரு பிஹெச்பி ஸ்கிரிப்ட் வைத்து அனுப்புகிறீர்களா? அங்கேதான் பாருங்கள்.

தஞ்சாவூர்: எக்ஸ்டென்ஷனை எம்பெக் என்று மாற்றி ஏற்றலாமா?

சேலத்துக்குச் சொன்னதே.

மதுரை: மகளின் அரங்கேற்ற டிவிடி. கணினியில் பார்த்தால் கை அசையும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக இருக்கிறது.

அது இன்டர்லேஸ். பால் (PAL) என்ற, இந்தியாவில் புழங்கிய டிவி முறையின் கேமரா நொடிக்கு 50 அரைப்படம் எடுக்கும். ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். இரண்டையும் பின்னி ஒரு முழுப்படம் என்று காட்டும்போது, நடுவில் கை நகர்ந்திருந்தால் சீப்பு. பின்னியதைப் பிரிக்கிற டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், ஆனால் 25 ஃபிரேமாக அல்ல, 50 ஆக.

சென்னை: 25 போதும் சார். எல்லா டிஸ்க்குக்கும் டீஇன்டர்லேஸ் டிக் போட்டு 25-ல் விட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

ஆடியவளுக்குத் தெரியும். 25 ஆக்கும்போது பாதி அசைவைத் தூக்கி எறிகிறீர்கள். மூன்றாம் காலத்தில் அடவு போகும்போது கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும், போகிற வழி தெரியாது. ஃபைல் கொஞ்சம் பெருக்கும், இரண்டு மடங்கு ஆகாது.

சென்னை மறுபடியும்: கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்கை 50-ல் செய்து பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை, ஃபைல்தான் பெருத்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் சொல்வது சரி, அந்த டிஸ்க்குக்கு. சினிமா நொடிக்கு 24 முழுப்படம். பால் டிவிடியில் அதைக் கொஞ்சம் வேகமாக்கி 25-ல் ஓட்டுவார்கள். இரண்டு அரைப்படமும் ஒரே கணத்தில் எடுத்தது, பிரிக்க ஒன்றுமே இல்லை. அதற்கு 50-ம் வேண்டாம், 25-ம் வேண்டாம், டீஇன்டர்லேஸே வேண்டாம். போட்டால் மெல்லிய கோடுகள் கரையும். அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் வந்த சினிமா டிஸ்க் என்றால் இன்னும் வேறு: 24-ஐ 30-க்குப் பக்கத்தில் கொண்டுபோக அரைப்படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பார்கள், இதுதான் டெலிசினி. அதைப் பின்னோக்கிப் பிரிக்க வேண்டும், அதற்குப் பெயர் இன்வர்ஸ் டெலிசினி.

'எல்லா டிஸ்க்குக்கும்' என்கிற வார்த்தையில்தான் எனக்குச் சண்டை. டிஸ்க்கைப் பார்க்காமல் டிக் போடாதீர்கள். வி.எல்.சி.யில் டீஇன்டர்லேஸை அணைத்து, வேகமான இடத்தில் நிறுத்தி, ஆங்கில ஈ (E) எழுத்தை அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். எல்லாவற்றிலும் சீப்பு என்றால் வீடியோ கேமரா. எதிலுமே இல்லை என்றால் தொடாதீர்கள். மூன்று சுத்தம், இரண்டு சீப்பு என்று மாறி மாறி வந்தால் டெலிசினி.

சிங்கப்பூர்: சென்னை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மேடைப் பேச்சுக்கு 50 எதற்கு?

பேச்சுக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். பேசுகிறவர் கையை வீசாதவரை.

யாழ்ப்பாணம்: மாற்றிய படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒல்லியாகத் தெரிகிறார்கள்.

டிவிடியின் பிக்சல் சதுரம் அல்ல. பால் படம் 720×576. பழைய டிவி அளவானால் 768×576 ஆக விரிக்க வேண்டும், அகலத்திரையானால் 1024×576. என்டிஎஸ்சியின் 720×480-ஐ அப்படியே விட்டால் பழைய அளவுப் படம் குண்டாகும். அதை 640×480 ஆக்குங்கள்.

திருச்சி: கடையில் வாங்கிய படத்தின் பூட்டை உடைத்து என் தளத்தில்...

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் சொத்து.

ஈரோடு: வி.ஓ.பி.யை ரீநேம் செய்தால்...

சேலம். சேலம். சேலம்.

நாகர்கோவில்: டிஸ்க்கில் முதல் இரண்டு ஃபைல் வருகிறது, மூன்றாவது பாதியில் நின்றுவிடுகிறது.

ஐ.எஸ்.ஓ. எடுத்து வையுங்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான். கடையில் எழுதிக் கொடுத்த டிஸ்க்கில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில்; அது வெளுக்கும். படிப்பது உள்ளிருந்து வெளியே, அதனால் விரல் படுகிற ஓரத்தில்தான் கடைசி ஃபைல்கள் இருக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். அப்புறம் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. அதிலும் நின்றால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். வருகிற இடத்தை முதலில் எடுத்துக்கொண்டு, வராத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும். ராத்திரி முழுக்க ஓடினாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். கல்யாண டிஸ்க் என்றால் தாலி கட்டுவது மூன்றாம் ஃபைலில் இருக்கலாம்.