கோப்பு மட்டும் இருந்தால் குற்றமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து முதுகலைப் படிப்புக்காகச் சிட்னி வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. யாரோ பயன்படுத்திய த்ரீ-டி பிரிண்டர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதைக் கேள்விப்பட்ட ஊர் நண்பர் ஒருவர், கைத்துப்பாக்கி ஒன்றின் வரைபடக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அச்சடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அச்சடிக்கும் எண்ணம் இல்லை, கோப்பு மட்டும் மடிக்கணினியில் கிடந்தால் குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது குற்றம்தான். நான் வழக்கறிஞன் அல்லன். பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவன் என்ற அளவில் தெரிந்ததை எழுதுகிறேன்.

நியூ சவுத் வேல்ஸின் 1996ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில், 2015இல் 51எஃப் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். துப்பாக்கி செய்வதற்கான மின்னணு வரைபடத்தை, துப்பாக்கி தயாரிக்கும் உரிமம் இல்லாதவர் வைத்திருப்பதே அந்தப் பிரிவின்படி குற்றம். உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. செய்தாயா, சுட்டாயா, விற்றாயா என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்பாகவே குற்றம் முடிந்துவிடுகிறது. கோப்பு உங்கள் கணினியிலோ பென் டிரைவிலோதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேறொருவருடைய கணினியில், அது வெளிநாட்டில் இருந்தாலும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்குமானால் நீங்கள் வைத்திருப்பதாகவே பொருள். ஆகவே மடிக்கணினியிலிருந்து நீக்கிவிட்டு கூகுள் டிரைவில் ஏற்றி வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

இதே பிரிவு உங்களுக்கு ஒரு வழியும் விட்டிருக்கிறது. கேட்காமலே வந்து சேர்ந்த கோப்பு, அது இன்னதென்று தெரிந்தவுடன் அதை அகற்ற நியாயமான முயற்சி எடுத்தேன் என்று காட்ட முடிந்தால் அது ஏற்கத்தக்க எதிர்வாதம். "தெரிந்தவுடன்" என்ற சொல்லை நன்றாகக் கவனியுங்கள். என்னிடம் கேள்வி கேட்ட அன்றே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இன்றே நீக்குங்கள், வாட்ஸ்அப்பின் தானியங்கிச் சேமிப்பிலும் காப்புப் பிரதியிலும் பாருங்கள், "இதைப் பாருங்கள்" என்று அறை நண்பர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். அனுப்பிய நண்பரிடம், இனி இப்படி எதையும் அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தாலோ, ஓர் உதிரிப் பாகத்தையாவது அச்சடித்திருந்தாலோ, என்னிடம் அல்ல, வழக்கறிஞரிடம் பேச வேண்டும்.

ஒரு வரைபடத்துக்கு இவ்வளவு கடுமையா என்று தோன்றும். நான் பூட்டுச் செய்யும் திண்டுக்கல்காரன்; உங்கள் ஊரோ மோட்டார் பம்பிலிருந்து மாவரைக்கும் கிரைண்டர்வரை எதையும் லேத்தில் கடைந்து எடுத்துவிடும் ஊர். ஒரு பொருளைப் பார்த்ததும் 'இதை நாமே செய்துவிடலாமே' என்று நினைப்பது நமக்கு இயல்பு. நம் மலையோர ஊர்களில் பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்ற செய்தி, நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியாக வந்து போகும். அங்கும் உரிமமின்றித் துப்பாக்கி செய்வது குற்றம்தான். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகள். ஆனால் அங்கே குற்றத்துக்கு இரும்பும் மரமும் கையில் இருக்க வேண்டும். இங்கே கோப்பு போதும்.

காரணம் இருக்கிறது. 2013 மே மாதம் அமெரிக்காவில் கோடி வில்சன் என்பவர், ஏறத்தாழ முழுவதும் பிளாஸ்டிக்கில் அச்சடிக்கக்கூடிய 'லிபரேட்டர்' கைத்துப்பாக்கியின் வரைபடத்தை இணையத்தில் வெளியிட்டார். அந்நாட்டு வெளியுறவுத் துறை அதை அகற்றச் சொல்வதற்குள், இரண்டே நாட்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அது பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்தது. அதே மாதம் நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை, 1,700 டாலர் விலையுள்ள சாதாரண அச்சுப்பொறி ஒன்றை வாங்கி, அதே துப்பாக்கியை இரண்டு முறை அச்சடித்துச் சோதித்தது. ஒன்றிலிருந்து கிளம்பிய குண்டு, மனித உடலுக்கு ஈடாக வைத்த சோதனைக் கட்டிக்குள் 17 சென்டிமீட்டர் பாய்ந்தது. மற்றொன்று சுடும்போதே வெடித்துச் சிதறியது. எதிரே நிற்பவருக்கும் ஆபத்து, கையில் பிடித்திருப்பவருக்கும் ஆபத்து என்பதைச் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். அதன் பிறகு வடிவமைப்புகள் வெகுதூரம் போய்விட்டன. உரிமம் இருந்தால்தான் வாங்க முடிகிற பாகம் எதுவுமே தேவைப்படாதபடி 2020இல் வெளியான ஒரு வடிவமைப்பு, 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் மியான்மரின் எதிர்ப்புப் படைகள் சிலவற்றின் கைகளில் காணப்பட்டது. அந்த மக்களின் நெருக்கடியில் அதை என்னவென்று தீர்ப்பளிப்பது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் அதே கோப்புதான் இங்குள்ள போதைக் கும்பலுக்கும் கிடைக்கிறது. பொருளைச் சுங்கத்தில் தடுக்கலாம், கோப்பைத் தடுக்க முடியாது என்பதால்தான் சட்டம் கோப்பிலேயே கை வைத்தது.

நீங்கள் யூடியூபில் பார்த்ததாகச் சொல்லும் காணொளிகள் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குத் துப்பாக்கி செய்துகொள்வதை நாடு தழுவிய சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை; சில மாநிலங்கள் மட்டுமே தடுக்கின்றன. வீட்டிலேயே பொருத்தித் துப்பாக்கி ஆக்கிக்கொள்ளும்படி விற்கப்படும் பாகத் தொகுப்புகளுக்கு வரிசை எண்ணும், வாங்குபவரின் பின்புலச் சோதனையும் கோரிய 2022ஆம் ஆண்டு விதியே உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2025 மார்ச்சில்தான் நிலைபெற்றது. அவர்கள் சிரித்துக்கொண்டே மேசைமேல் வைத்துக் காட்டுவதை இங்கே நாம் செய்தால் சிறை. கனடாவிலும் 2023 முதல், தயாரிக்கும் அல்லது பரப்பும் நோக்கத்தோடு இத்தகைய கோப்பை வைத்திருப்பது குற்றம். ஆனால் அங்கே நோக்கத்தை நிறுவ வேண்டும்.

இந்த நாட்டு மனிதர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே மனிதன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். சில நாட்களிலேயே எல்லா மாநிலங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அரசு பணம் கொடுத்துத் திரும்பப் பெற்று அழித்த துப்பாக்கிகள் சுமார் ஆறரை லட்சம். இங்கே துப்பாக்கி உரிமம் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும்; தற்காப்பு என்பது ஏற்கத்தக்க காரணம் அன்று. ஆகவே 'ஆர்வத்தில் செய்து பார்த்தேன்' என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொன்னால், திறமைசாலி என்று யாரும் பாராட்டப் போவதில்லை. எழுந்து போய்ப் புகார் கொடுப்பார்கள். அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

விசாவில் இருப்பவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. குடியேற்றச் சட்டத்தின் 501ஆம் பிரிவின்படி, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவர் நன்னடத்தைச் சோதனையில் தேறாதவர் ஆகிறார், விசா போய்விடும். குடிமகனுக்குத் தண்டனை முடிந்தால் வீடு. நமக்கு விமான நிலையம். நிரந்தர வாழ்விட உரிமை கிடைத்த பின்னும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை.

நானே ஒருமுறை தப்பித்தவன்தான். 2019இல் குடும்பத்தோடு அண்டை மாநிலமான குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட் போயிருந்தபோது, மகன் அடம்பிடித்தான் என்று ஜெல் பிளாஸ்டர் ஒன்றை வாங்கினேன். நீரில் ஊறிய சிறு ஜெல் உருண்டைகளைத் துப்பும் விளையாட்டுச் சாமான், குயின்ஸ்லாந்தில் அப்போது கடைகளில் வெளிப்படையாக விற்றார்கள். பணம் வாங்கிக்கொண்ட பிறகுதான் கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சிட்னி என்றதும் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தார். அங்குள்ள எல்லை ஊரான கூலங்கட்டாவில் ஒரே தெருவின் ஒரு புறம் குயின்ஸ்லாந்து, மறுபுறம் நியூ சவுத் வேல்ஸ். தெருவைக் கடந்தால் அந்தச் சாமான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. அன்று முழுவதும் மகன் என்னோடு பேசவில்லை. இங்கே பார்வைக்குத் துப்பாக்கிபோல் இருக்கும் போலியும், குழந்தை விளையாட்டுப் பொருளாகவே தயாரிக்கப்பட்டதாக இல்லாவிட்டால், துப்பாக்கியாகவே கருதப்படும். குறும்படத்துக்கு என்று உங்கள் அச்சுப்பொறியில் ஒன்றை அடித்துக் கறுப்பு வண்ணம் பூசிவிடாதீர்கள். பெப்பர் ஸ்பிரேயும் இங்கே தடைசெய்யப்பட்டது. ஊரிலிருந்து வரும் பெண்கள் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவதால் இதையும் சொல்கிறேன்.

வாடகை வீட்டின் கொட்டகையிலோ, பழைய பொருள் வாங்கிய பெட்டியிலோ துப்பாக்கியோ அதன் பாகமோ கண்ணில் பட்டால் கை வைக்காமல் காவல்துறையை அழையுங்கள். 2021 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நிரந்தரப் பொதுமன்னிப்பு நடைமுறையில் இருப்பதால், பதிவற்ற துப்பாக்கியை ஒப்படைப்பவரை அதை வைத்திருந்ததற்காகத் தண்டிப்பதில்லை.

அச்சுப்பொறியை விற்றுவிடலாமா என்று கேட்டீர்கள், வேண்டாம். கொலுவுக்குப் பொம்மை அடிக்கலாம், உடைந்த மிக்சி மூடிக்குப் பொருத்தமானது செய்யலாம். கடைசியாக, அக்கா மகனுக்கு உண்டிவில் செய்து தரலாமா என்ற கேள்வி. சிரிக்காதீர்கள், அதற்கும் இங்கே சட்டம் இருக்கிறது. உண்டிவில் தடைசெய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் உள்ளது. ஆனால் குழந்தை விளையாடுவதற்காக வீட்டில் செய்தது மட்டும் விலக்கு. கடையில் வாங்கினால் ஆயுதம், கையால் செய்தால் விளையாட்டு. பறவையைக் குறிவைக்காமல், காலி டப்பாவைக் குறிவைக்கச் சொல்லுங்கள். வெண்ட்வர்த்வில்லில் என் வீட்டுப் பின்புறக் கொய்யாவில் நல்ல கவட்டைக் கிளை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெட்டித் தருகிறேன்.