ஆட்டுக்கு வந்த கிளமிடியா

கேள்வி: எங்கள் பட்டியில் சினைச் செம்மறிகள் நாற்பதில் ஆறு, ஈனப் பதினைந்து இருபது நாள் இருக்கும்போதே குட்டி வீசிவிட்டன. ரத்தப் பரிசோதனையில் 'கிளமிடியா' என்று வந்திருக்கிறது. அது உடலுறவால் பரவும் நோய் என்று படித்தேன். ஆட்டிலிருந்து எங்களுக்குத் தொற்றுமா? மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம். பட்டியைக் கூட்டுவது அவள்தான்.
– வாசகர், மன்னவனூர், கொடைக்கானல் மேல்மலை

பதில்: முதலில் மருமகளைப் பட்டிக்குள் விடாதீர்கள், இன்றிலிருந்தே. வீசிய ஆடு, நஞ்சுக்கொடி, பிறந்த குட்டி, பட்டிக்குள் உடுத்திய துணி எதையும் அவர் தொடக் கூடாது. காய்ச்சல் வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் ஆடு குட்டி வீசியதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இந்தக் கிருமி மருத்துவரின் நினைவுக்கே வராது.

நீங்கள் படித்தது கிளமிடியா டிரக்கோமாட்டிஸ். மனிதரிடம் வாழ்வது, கண்ணில் டிரக்கோமா என்னும் இமை நோயும் பிறப்புறுப்புத் தொற்றும் அதன் வேலை. ஆட்டைக் குட்டி வீச வைப்பது கிளமிடியா அபார்ட்டஸ். ஆகவே வீட்டில் யாரையும் ஐயப்பட இதில் இடமே இல்லை. 1999 வரை இதைப் பறவைக் கிருமியான சிட்டாசியோடு சேர்த்தே எண்ணினார்கள். மனிதருக்கு அரிதாகவே தொற்றும். ஆனால் கர்ப்பிணிக்குத் தொற்றினால் கரு கலையலாம், தாயின் உயிருக்கும் ஆபத்து.

கிளமிடியாவில் இன்னொரு இனம் பெக்கோரம். பெரும்பாலும் ஆட்டுக் குடலில் தொந்தரவின்றிக் கிடக்கும். சில குட்டிகளுக்கு மூட்டு வீங்கும், கண் சிவக்கும். பல ரத்தப் பரிசோதனைகள் இதையும் அபார்ட்டஸையும் பிரித்துக் காட்டுவதில்லை. அதனால் அந்தத் தாளை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்து ஒரு ஆடு வீசினால் நஞ்சுக்கொடியைப் பாருங்கள். பொத்தான் போன்ற முடிச்சுகளுக்கு இடையிலுள்ள சவ்வு தோல்போல் தடித்து, செம்பழுப்பு அழுக்குப் படிந்திருந்தால் அபார்ட்டஸ் சந்தேகம் வலுக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, நாலைந்து முடிச்சுகளைக் கசியாத டப்பாவில் ஐஸ் வைத்து, கால்நடை மருத்துவர் வழியாக, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புங்கள். ஃபார்மலினில் போடாதீர்கள். குட்டி வீச வைக்கும் வேறு தொற்றுகளான புருசெல்லா, கியூ காய்ச்சல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுண்ணோக்கியில் பார்க்கும் சாயமிட்ட தகட்டில் கியூ காய்ச்சல் கிருமியும் அபார்ட்டஸைப் போலவே சிவப்பாகத்தான் தெரியும்.

மீதிச் சினை ஆடுகளுக்கு நீடித்து வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின், கிலோவுக்கு 20 மில்லிகிராம், மருத்துவர் கையால். சினை 95 முதல் 100 நாளில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. வீச்சு குறையும், ஏற்கெனவே பழுதான நஞ்சுக்கொடி சரியாகாது. பென்சிலின் இந்தக் கிருமியைக் கொல்லாமல் முடக்கி மட்டும் வைக்கும்.

வீசிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். நஞ்சுக்கொடியை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மேல்மலைக் குளிரில் கிருமி கூடுதல் நாள் பிழைக்கும். வீசிய ஆடு பெரும்பாலும் மறுபடி வீசாது. விற்றால் நோய்தான் அடுத்த பட்டிக்குப் போகும்.

கேள்வி: கூண்டு லவ் பேர்ட்ஸ் இரண்டு சோர்ந்து, பச்சையாக எச்சமிடுகின்றன. எனக்கும் காய்ச்சல், வறட்டு இருமல்.
– வாசகி, கோத்தகிரி

பதில்: அது முந்தைய பதிலில் சொன்ன பறவைக் கிருமி, கிளமிடியா சிட்டாசியாக இருக்கலாம். தொற்றிய 5 முதல் 14 நாளில் காய்ச்சல் காட்டும்; டாக்ஸிசைக்ளினுக்குக் கட்டுப்படும். மருத்துவரிடம் பறவை வளர்ப்பதைச் சொல்லுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசிதான் நுரையீரலுக்குப் போகிறது. கூண்டைத் துடைப்பத்தால் பெருக்காமல், நன்றாக நனைத்தபின் துடையுங்கள்.