பதின்மூன்று வயதுப் பையனுக்கு லோ போ ஸ்டிக் வேண்டுமா?

கேள்வி: அயனாவரத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 13 வயது, பள்ளி ஹாக்கி அணியில் ஹாஃப் ஆடுகிறான். சீனியர் பையன் ஒருவனுடைய லோ போ ஸ்டிக்கை (வளைவு அடிப்பக்கமாக இருக்கும் ஸ்டிக்) வாங்கி ஆடினால் ட்ரிபிளிங் நன்றாக வருகிறதாம். ஆனால் ஹிட் அடித்தால் பந்து தரையை விட்டு எழும்புகிறது என்று மாஸ்டர் திட்டுகிறார். ஸ்டிக் விற்கிற ஒருவர், 95 சதவீத கார்பன், லோ போ, 14,000 ரூபாய் என்கிறார். பையன் இடது கைக்காரன் என்றதும், அதற்கென்றே தனி ஸ்டிக் தருவித்துத் தருவதாகவும் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: இரண்டையுமே வாங்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

ஹாக்கி ஸ்டிக் கைப்பிடியிலிருந்து தலை வரை லேசாக வில் மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவு 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதன் உச்சி ஸ்டிக்கின் அடியிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் வரக்கூடாது என்பது சர்வதேச விதி. லோ போ என்பது இந்த எல்லையை ஒட்டிச் செய்யப்படும் ஸ்டிக். உச்சி தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பந்தை அந்தக் குழிவில் உட்காரவைத்து இழுத்து வீசலாம். பெனால்டி கார்னரில், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பில், இப்படி இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக் அடிக்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். அங்கே கோலை நோக்கிய முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால் கோல் பலகையின் 46 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது, ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் அவர்கள் இந்த வளைவைத் தேடிப் போகிறார்கள்.

உங்கள் மகன் ஹாஃப். அவன் வேலை பந்தைத் தடுப்பது, நிறுத்துவது, தரையோடு அடித்து ஃபார்வர்டுக்கு அனுப்புவது. லோ போவில் வழக்கம்போல் கை வைத்து ஹிட் அடித்தால் தலையின் முகம் கொஞ்சம் வானத்தைப் பார்க்கும், பந்து எழும்பும். கையைப் பந்துக்கு முன்னால் கொண்டுபோய் முகத்தை மூடி அடிக்க வேண்டும். வருடக்கணக்கில் ஹிட் பழகியவர்களுக்கு அது வரும். இப்போதுதான் ஹிட் படிகிற பையனுக்கு அடிப்படையே கோணலாகிவிடும். எதிரில் நிற்கிற பையனின் முழங்காலையும் யோசியுங்கள். மாஸ்டர் திட்டுவது சரிதான்.

ஆகவே சாதாரண வளைவோ, மிஞ்சிப் போனால் உச்சி அதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும் மிட் போவோ போதும். ஆனால் ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். ஒரு கம்பெனி மிட் என்பதை இன்னொரு கம்பெனி லோ என்று விற்கும். பெரியமேட்டில் கடைக்குப் போகும்போது பையனின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைக் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டிக்கின் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி மேஜைமேல் வையுங்கள். அடியில் சந்து தெரியும். அந்தச் சந்து எங்கே அதிக உயரமோ, அங்கிருந்து ஸ்டிக்கின் அடிவரை அளந்து பாருங்கள். ஸ்கேலின் கடைசிவரை வந்தால் சாதாரண வளைவு. 25-ஐ ஒட்டி வந்தால் மிட். 20, 21 என்று நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அளக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்தது கார்பன். கார்பன் கூடக்கூட ஸ்டிக் விறைப்பாகும். அடிக்கும்போது வேகம் வரும், ஆனால் பந்தை நிறுத்தும்போது தெறித்து ஓடும். இந்த வயதுக்கு 20 முதல் 40 சதவீதம் தாராளம். 95 என்று அச்சடித்திருப்பதை வீட்டில் வைத்துச் சோதிக்க வழியே இல்லை என்பதை விற்கிறவர் நன்றாக அறிவார். பள்ளி மைதான வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "செலக்‌ஷனில் எல்லாரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்று பெற்றோரைப் பயமுறுத்துகிற ஆட்களைப் பல காலமாகப் பார்க்கிறேன். ஸ்டிக்கைப் பார்த்து யாரும் பையனைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இன்னொன்று. எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தது, இறுதியில் மலேசியாவை 4-3 என்று ஜெயித்தோம், ஊரே கொண்டாடியது. சரி, நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாரம் ஒருமுறையாவது டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், கால் வைக்கக் கிடைக்கிறது? பெரும்பாலோர் ஆடுவது கட்டாந்தரையில். அங்கே கல்லில் உரசியே விலை உயர்ந்த ஸ்டிக்கின் முனை தேய்ந்து நார் வெளியே வந்துவிடும். சொரசொரப்பான ஸ்டிக்கை அம்பயர் வெளியே வைக்கச் சொல்லலாம். டர்ஃப் மைதானத்தைக் கொடுக்காமல், டர்ஃபுக்கான ஸ்டிக்கை மட்டும் பெற்றோர் தலையில் கட்டுகிறார்கள். தரையில் பயிற்சிக்கு மர ஸ்டிக் ஒன்று தனியாக இருக்கட்டும். நல்ல ஸ்டிக்கை டர்ஃபுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இடது கை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நம் ஹாக்கியில் இடது கை ஸ்டிக் என்று ஒன்று கிடையாது. தட்டையான முகம் இடது பக்கம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. எதிர்ப்பக்கம் தட்டையாகச் செய்த ஸ்டிக்கோடு இறங்கினால் ஆடவே விடமாட்டார்கள். இணையத்தில் தேடினால் 'இடது', 'வலது' என்று பிரித்து விற்பது கண்ணில் படும். அவை ஐஸ் ஹாக்கி ஸ்டிக்குகள். அந்த ஆட்டத்தில் அடியில் இருக்கும் பலகையே ஒரு பக்கமாக வளைந்திருக்கும், யார் எந்தப் பக்கம் பிடிக்கிறார்களோ அதற்கேற்ப வாங்குவார்கள். அதைத் தருவித்தால் காசு கரியாகிவிடும். உங்கள் மகன் கவலைப்படவும் வேண்டாம். நம் ஸ்டிக்கில் இடது கைதான் மேலே இருக்கும், ரிவர்ஸுக்கு, அதாவது எதிர்ப்பக்கம் பந்தை ஆட, ஸ்டிக்கைத் திருப்புவதும் அந்தக் கைதான். வலது கைக்காரப் பிள்ளைகள் சிரமப்பட்டுப் பழக்குகிற கை அவனுக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது.

நீளத்துக்கு, ஸ்டிக்கைப் பக்கத்தில் நிறுத்தினால் இடுப்பெலும்பு அளவுக்கு வந்தால் போதும். வளர்கிற பிள்ளை என்று பெரிதாக வாங்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில் முதலில் ஷின் கார்டும் வாய்க்கவசமும் வாங்குங்கள்.