பொம்மையின் கைக்கு எந்தக் கம்பி வாங்கலாம்?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஸ்பாஞ்சில் தலை செய்து, உள்ளே கையை விட்டு வாயசைக்கிற மாதிரி ஆறு பொம்மைகள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்திருக்கிறோம். ஒவ்வொன்றும் ஒன்றரை அடி உயரம். மணிக்கட்டில் கம்பி கட்டிக் கீழேயிருந்து கையை ஆட்ட வேண்டும். கைவினைப் பொருள் கடையில் வாங்கிய அலுமினியக் கம்பி முதல் ஒத்திகையிலேயே வளைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் கொடுத்த ஜி.ஐ. கம்பியில் சுருளின் வளைவு போகவே இல்லை. எதை வாங்குவது?

பதில்: டீச்சர், உங்களுக்குத் தேவையான கம்பி வெல்டிங் சாமான் விற்கும் கடையில் இருக்கிறது. ஆனால் போய் வெறுமனே ‘வெல்டிங் ராடு’ என்று கேட்டுவிடாதீர்கள், மேலே மருந்து பூசிய, ஒரு முழம்கூட வராத குச்சியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அது நமக்கு ஆகாது. ‘ஆர்கான் வெல்டிங்குக்குப் போடுகிற எஸ்.எஸ். ராடு, 2.4 எம்.எம்.’ என்று கேளுங்கள், எஸ்.எஸ். என்றால் எவர்சில்வர். நேராக, ஒரு மீட்டர் நீளத்தில், பூச்சு எதுவும் இல்லாமல் வெள்ளையாக இருக்கும், நுனியில் 308எல் அல்லது 316எல் என்று எஃகு வகையின் எண்ணை அச்சடித்திருப்பார்கள். நமக்கு எதுவானாலும் சரி, விலை குறைந்ததை வாங்குங்கள். செம்பு நிறத்தில் பளபளக்கிற ராடைக் காட்டினால் வேண்டாம். அது சாதா இரும்பு, மேலே செம்புப் பூச்சு மட்டும்தான், பிள்ளைகளின் கை வியர்வை பட்டுப் பூச்சு தேய்ந்தால் துரு பிடித்துப் பொம்மையின் சட்டையில் கறையாகிவிடும்.

கிலோ கணக்கில் விற்பார்கள். இந்தத் தடிமனில் கிலோவுக்கு ஏறத்தாழ 28 ராடு நிற்கும். ஒரு ராடை இரண்டாக வெட்டினால் ஒரு பொம்மைக்குச் சரியாகப் போகும், அதாவது உங்களுக்கு ஆறு ராடு போதும், கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சில்லறையாகத் தரமாட்டேன் என்றால் பக்கத்தில் எவர்சில்வர் கேட், படிக்கட்டுக் கைப்பிடி செய்கிற பட்டறையில் கேட்டுப் பாருங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் நான் கேட்ட இடத்தில் யாரும் இல்லையென்று சொன்னதில்லை.

ஏன் 2.4? கம்பியின் விறைப்பு அதன் தடிமனைவிட வெகு வேகமாக ஏறும். 2 எம்.எம்.மிலிருந்து 2.4 எம்.எம்.முக்குப் போனாலே விறைப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது, ஆனால் எடை அரை மடங்குகூடக் கூடுவதில்லை. அரை மீட்டர் துண்டு 18 கிராம்தான் இருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், ஒரு கை பொம்மையின் தலைக்குள் போய்விடுகிறது, மிச்சமிருக்கிற ஒரே கையில்தான் இரண்டு கம்பியையும் பிடித்து ஆட்ட வேண்டும். கம்பியின் எடை கூடினால் பதினோரு வயதுப் பிள்ளையின் விரல் பத்து நிமிடத்தில் ஓய்ந்துபோகும். எடையைக் குறைக்கலாம் என்று அலுமினியத்துக்குப் போனால், அதே தடிமனில் அதன் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், கையிலும் துணியிலும் கருப்பாக ஒட்டவும் செய்யும்.

எந்தக் கம்பியானாலும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். இரு நுனியையும் பிடித்து வில் மாதிரி லேசாக வளைத்து விடுங்கள், பிறகு கண்ணருகே வைத்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். பழையபடி நேராகிவிட்டால் நல்ல கம்பி, கொஞ்சம் கோணல் தங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சைக்கிள் போக்ஸ் கம்பியும் நல்ல சரக்குதான், துருப்பிடிக்காத வகையும் கிடைக்கிறது. ஆனால் ஓர் அடிக்குள் முடிந்துவிடும், உங்கள் பொம்மைக்கு நீளம் பத்தாது. பழைய குடைக்கம்பியைப் பலர் சொல்வார்கள். ஓரம் கூராக இருப்பதால் பிள்ளைகள் கையில் நான் கொடுக்க மாட்டேன்.

கைப்பிடிக்கு அரத்துக்குப் போடுகிற மரப்பிடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கம்பியை நேராகச் செருகி அரால்டைட் ஊற்றினால் சில வாரத்தில் விட்டுப்போய்ப் பிடிக்குள்ளேயே கம்பி சுற்ற ஆரம்பிக்கும், அப்புறம் பொம்மையின் கை எங்கே திரும்புகிறது என்று ஆட்டுகிறவருக்கே தெரியாது. அதனால் கடைசி ஒரு சென்டிமீட்டரை ‘ட’ மாதிரி மடக்கி, பிடியில் அதற்கேற்ப ஒரு காடி வெட்டி, அதில் உட்கார வைத்து ஒட்டுங்கள். பளபளப்பு போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கரும்பலகைக்கு அடிக்கிற மங்கலான கருப்பு பெயின்ட் ஒரு கை அடித்தால் விளக்கு வெளிச்சத்தில் கண்ணில் படாது.

கேள்வி: கார்பன் ஃபைபர் கம்பி எடையே இல்லை என்கிறார்களே, ஆன்லைனில் வாங்கலாமா?

பதில்: எடை குறைவு என்பது உண்மை, எஃகில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். கை தேர்ந்தவர்கள் மேடைக்கு வாங்கலாம். பள்ளிக்கு வேண்டாம். அதை மடக்கி வளையம் போட முடியாது, உடைந்தால் சிலும்பு சிலும்பாகப் பிரிந்து தோலில் ஏறும், கண்ணாடி நார்க் கம்பியும் அப்படித்தான். நான் ஒருமுறை தபாலில் வரவழைத்ததில் நான்கில் ஒன்று நீளவாக்கில் கீறல் விட்டிருந்தது, மேல்பார்வைக்குத் தெரியவில்லை, துணியால் துடைத்தபோது நூல் மாட்டியதால்தான் தெரிந்தது. வாங்கினால் பஞ்சை வைத்து ஒருமுறை உருவிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: காகிதக் கூழில் மூன்றடி உயரப் பொம்மை செய்கிறேன். நம் ஊர் பொம்மலாட்டத்தில் கனமான மரப்பொம்மையின் கையைக்கூடக் கம்பியால் ஆட்டுகிறார்களே, அதே கம்பி போதாதா?

பதில்: நம் பொம்மலாட்டப் பொம்மைகள் நாலரை அடி உயரம், பத்து கிலோ வரைகூட இருக்கும். நூல்களைத் தலையில் அணியும் இரும்பு வளையத்தில் கட்டிக்கொண்டு, சில பொம்மைகளின் கைகளை மட்டும் கம்பியால் ஆட்டுவார்கள். ஆனால் கலைஞர் நிற்பது மேலே. மேலிருந்து தூக்கும்போது கம்பி இழுபடுகிறது, இழுபடுகிற கம்பி வளையாது. நீங்கள் கீழேயிருந்து தள்ளுகிறீர்கள், தள்ளினால் நடுவில் பிதுங்கும், நீளம் கூடக்கூட இன்னும் மோசம். அதனால் உங்களுக்கு அதே எஸ்.எஸ். ராடில் 3.2 எம்.எம். வாங்குங்கள், 2.4 போல மூன்று மடங்கு விறைப்பு. அதற்கு மேலே போகாமல், முழங்கையிலிருந்து பொம்மையின் கையை உள்ளீடில்லாமல் செய்து எடையைக் குறைக்கப் பாருங்கள்.

மணிக்கட்டில் மாட்டுகிற நுனியை மூக்குப் பிளேயரால் முழு வளையமாகச் சுற்றி, வெட்டுவாய் வெளியே நீட்டாமல் அரத்தால் ராவி, வளையம் துணிக்குள் தாராளமாகச் சுழலும்படி தைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஆட்டுகிற பொம்மை என்றால் இந்த ஒரு வேலையைப் பெரியவர்கள் யாராவது செய்து கொடுங்கள், ஒத்திகையில் ஆளுக்கு ஆள் நெருங்கி நிற்கும்போது கம்பி நுனி சரியாகக் கண்ணுக்கு நேரே வரும்.